பொட்டு மீன் இல்லாத காலை

உங்கள் பயிற்சியில் வந்து பேசும்படி என்னைக் கூப்பிட்டவர், "சார், புதுப் பசங்களுக்கு ஊக்கமா நாலு வார்த்தை சொல்லுங்க" என்றார். எனக்கு அந்த வித்தை வராது. குடிநீர்ப் பிரிவில் ஜூனியர் இன்ஜினியராக இருந்த காலமெல்லாம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டது வசவுதான். குழாயில் தண்ணீர் வந்தால் நம்மை யாரும் நினைப்பதில்லை. வராவிட்டால் நம்மோடு சேர்த்து நம் வீட்டில் இருப்பவர்களையும் நினைத்துக்கொள்வார்கள். இதைக் கேட்டும் ஊக்கம் குறையாதவர்கள் தாராளமாக இந்த வேலையில் இருக்கலாம்.

பம்பு, மோட்டார், குழாய் பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. டாங்கில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது இப்போது போனிலேயே தெரிகிறதாம். நல்லதுதான். போனில் தெரியாத ஒரு விஷயத்தை, ஒரு சின்ன மீனைப் பற்றிச் சொல்கிறேன். சிரிப்பதானால் இப்போதே சிரித்துவிடுங்கள். என் மேலதிகாரியும் முதலில் சிரித்தார்.

நம் தீவில் பெரார்கஞ்சிலிருந்து உள்ளே தள்ளி ஒரு ஊர். பெயர் வேண்டாம். அங்கே என் மனைவி வழிச் சொந்தங்கள் இருக்கிறார்கள், நான் இன்னும் அங்கே போய்ச் சாப்பிட வேண்டியிருக்கிறது. மலையிலிருந்து ஓர் ஓடை அந்த ஊருக்குள் இறங்குகிறது. இந்தத் தீவில் எந்த மொழிக்காரரும் ஓடையை நாலா என்றுதான் சொல்வார்கள், நாங்களும் அப்படித்தான். நாலாவின் குறுக்கே ஒரு தடுப்புச் சுவர். அதன் பின்னால் தேங்கும் மடுவிலிருந்து பம்பு தண்ணீரை மேட்டு டாங்குக்கு ஏற்றும். அங்கிருந்து ஊருக்குக் குழாய். கோடையில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் திறப்போம்.

அந்த மடுவின் ஓரத்தில், தாழை வேர்களும் உதிர்ந்த மூங்கில் இலைகளும் நிழல் கட்டியிருக்கும் இடத்தில்தான் நான் சொல்லும் மீன் இருந்தது. சுண்டுவிரல் நீளம்கூட வராது. தண்ணீரின் மேல்மட்டத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். மேலிருந்து பார்த்தால் உடம்பு தெரியாது, உச்சந்தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மினுங்கும். பொட்டு நகர்ந்தால்தான் அடியில் மீன் இருப்பதே தெரியும். நம் ஊர்ப்பக்கம் குளங்களில் இதன் பங்காளியை முண்டக்கண்ணி என்பார்கள். இது தீவுக்கே உரிய வேறு இனம், மேன்லேண்டில் கிடையாது என்று மீன் ஆராய வந்த ஒரு பெண் சொன்னார். ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பிந்தி மச்லி. எனக்குப் பொட்டு மீன்.

நாலாவின் நடுவில் இழுப்பு உள்ள இடம் அதற்கு ஆகாது. ஓரத்தில் ஓர் இடம் பிடித்துவிட்டால் அங்கேயே குடித்தனம். கோடையில் நாலா சுருங்கித் துண்டு துண்டு மடுக்களாக நின்றாலும் இருக்கிற மடுவை விட்டு அது எங்கேயும் போகாது. கொசுப்புழு, பூச்சி, எறும்பு என்று மேலே விழுவதையெல்லாம் தின்னும்.

பம்ப் ஹவுஸுக்கு வலது பக்கம் ஒரு மாமரம். அதில் இலைகளைச் சேர்த்துப் பின்னி முசுறு எறும்புகள் கூடு கட்டியிருக்கும். கரண்ட் போய் நான் சும்மா உட்கார்ந்திருந்த நாட்களில், ஒரு கிளையை மடுவுக்கு மேலே உலுக்கி வேடிக்கை பார்ப்பேன். எறும்பு விழுந்ததும் பொட்டுகள் நாலு பக்கமிருந்தும் வரும். 'டப்' என்று ஒரு சத்தம், எறும்பு இருக்காது. பொழுதுபோக்காக ஆரம்பித்தது போகப்போக ஒழுங்காகிவிட்டது. முதலில் எறும்பு, பிறகு ஸ்விட்ச். பொட்டுகள் வந்தால் தண்ணீர் நேற்று இருந்த மாதிரிதான் இருக்கிறது என்று எனக்கு ஒரு நிம்மதி. யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை, எந்த விதியிலும் இது இல்லை. பம்ப் ஆபரேட்டர் மருதமுத்து, "நம்ம சாருக்கு மீன்தான் மேலதிகாரி" என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம், பங்குனி உத்திரம். தீவில் அந்த நாள் தமிழர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. பெங்காலிப் பெண்கள் பால்குடம் எடுப்பார்கள், தெலுங்குக்காரர்கள் காவடி தூக்குவார்கள். ஆனால் முருகனுக்கு நம் தண்ணீர் நிலவரம் தெரியாது. வருடத்திலேயே நாலா மிக மெலிந்து கிடக்கும் சமயத்தில்தான் உத்திரம் வரும்.

அந்த ஊர் வழக்கம் என்னவென்றால், விரதக்காரர்கள் தடுப்புச் சுவருக்குக் கொஞ்சம் மேலே, அதே மடுவின் மேல்முனையில், பாறைகள் உள்ள துறையில் குளிப்பார்கள். குளித்ததும் இரண்டு கையிலும் நாலாத் தண்ணீரை அள்ளி மூன்று வாய் குடிப்பார்கள். அன்றைக்கு அவர்கள் வாயில் படும் முதல் பொருள் அதுதான். அதற்குப் பிறகே, துறைக்குக் கூடவே கொண்டுவந்த காவடியும் பால்குடமும் ஏந்தி மேட்டுக்கோயிலுக்கு நடப்பார்கள். மதியம் அன்னதானம். அதற்கான தண்ணீர் நம் டாங்கிலிருந்து போகும்.

என் மனைவி சரோஜா முந்தின நாளே ஊருக்குப் போயிருந்தாள். மகளுக்கு மேன்லேண்டில் நல்லபடியாகப் பிரசவம் ஆகவேண்டும் என்று அவளுக்குப் பால்குட வேண்டுதல். நான் காலையில் லம்பா லைனில் உள்ள எங்கள் வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்ச் சேர்ந்தபோது பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலத்துல இருந்து ஓடுது சார். டாங்க் ரொம்பிருச்சு," என்றார் மருதமுத்து. அவர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அப்பா, அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள்.

நான் வழக்கம்போல மாங்கிளையை உலுக்கினேன். முசுறுகள் மடுவில் விழுந்து காலை உதறிக்கொண்டு வட்டம் போட்டன. ஒரு பொட்டும் வரவில்லை.

"மீனும் விரதம் போல சார்," என்றார் மருதமுத்து.

எனக்கும் சிரிப்பு வந்தது. தாழை வேர்ப் பக்கம் போய் இன்னொரு கிளையை உலுக்கினேன். எறும்புகள் நீந்தின, ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மிதந்தன, சில கரையேறியும் போயின. தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்திருந்தது. செத்த மீன் ஒன்றும் மிதக்கவில்லை. நாற்றம் இல்லை, நிறம் மாறவில்லை. வழக்கமாகச் செய்யும் சோதனைகளைச் செய்து பார்த்தேன். எல்லாம் சரி. மீன் மட்டும் இல்லை.

இப்போது நீங்கள் என் இடத்தில் இருந்து யோசியுங்கள். கோடையில் வெள்ளம் வந்து அடித்துக்கொண்டு போகவில்லை. ஓட்டத்தை எதிர்த்து மேலே போகும் மீனும் இல்லை அது. நேற்று மதியம் நான் பார்த்த பொட்டுகள் இன்று காலை இல்லை என்றால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

"பம்பை நிறுத்துங்க," என்றேன்.

"சார், இன்னைக்கு உத்திரம்."

"தெரியும். நிறுத்துங்க."

நிறுத்தினார். பிறகு என் முகத்தைப் பார்த்து அவர் முகம் மாறியது. "நான் இந்தத் தண்ணியிலதான சார் காலையில டீ போட்டுக் குடிச்சேன்?"

"வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அன்று முழுவதும் அவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டேதான் நடமாடினார்.

பம்பை நிறுத்துவது பெரிய காரியமில்லை. யாருக்கும் உடனே தெரியாது, கரண்ட் இல்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் அந்த மடுவின் தண்ணீர் ஏற்கெனவே டாங்கில் தளும்பிக்கொண்டிருந்தது. நிரம்பிய டாங்கைத் திறக்காமல் இருப்பதற்குத்தான் தைரியம் வேண்டும். அந்த வால்வைத் திறக்கும் சாவி, ஒரு முழுக்கை நீளமுள்ள இரும்புச் சாவி, என்னிடம்தான் இருக்கும். அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு ஏறினேன். அங்கேதான் சிக்னலும் கிடைக்கும்.

மேலதிகாரிக்கு போன் செய்தேன். ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். ரிப்போர்ட்டே இல்லை என்றேன். பின்னே என்னதான் இருக்கிறது என்றார்.

"மச்லி நஹி ஹை, சார்."

மீன் இல்லை என்ற ஒன்றுதான் என்னிடம் இருந்தது. அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பது புரிந்ததும், "ஆப் தேக் லோ" என்று வைத்துவிட்டார். நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். திற என்றும் சொல்லவில்லை, மூடு என்றும் சொல்லவில்லை. இந்த வேலையில் இதைவிட மோசமான உத்தரவு கிடையாது. இதைத்தான் நீங்கள் அடிக்கடி வாங்கப்போகிறீர்கள்.

போனைப் பையில் போடுவதற்குள் கோயில் கமிட்டித் தலைவர் தங்கவேல் மேட்டுக்கு வந்துவிட்டார். காண்ட்ராக்டர். சரோஜாவுக்குப் பெரியப்பா மகன், அதனால் எனக்கு மச்சான்.

"என்ன மாப்ள, இன்னும் தொறக்கலியா? அரிசி ஊறுது, அடுப்பு எரியுது. தண்ணியை விடுப்பா, பானி சோடோ பாய்!"

"தண்ணி மேல எனக்குச் சந்தேகமா இருக்கு மச்சான். மடுவுல மீனைக் காணோம்."

"மீனைக் காணோம்னா போலீஸ்ல போய்ச் சொல்லு. எங்கிட்ட எதுக்குச் சொல்ற?"

"வெளையாடாதீங்க. நாலாப் பக்கம் யாராச்சும் ஏதாச்சும் செஞ்சாங்களா?"

"என்ன செய்வாங்க? நம்ம செல்வம் தொறைக்குப் போற பாதையைச் சுத்தம் பண்ணான். கோயில் சேவை. ஒத்தை ஆளா ஒரே மத்தியானத்துல முடிச்சிட்டான். போய்ப் பாரு, ஒரு புல்லு நிக்கல!"

அதை அவர் பெருமையாகச் சொன்னார். அந்தப் பாதையில் புல் இடுப்பளவு நிற்கும். வருடா வருடம் ஒரு கூட்டமே அரிவாளோடு இறங்கி, பொழுது சாயும்வரை வெட்டும் பாதை அது. ஒற்றை ஆள், ஒரே மத்தியானம்.

அப்போதுதான் கீழே மேளச் சத்தம் கேட்டது. விரதக்காரர்கள் துறைக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஐம்பத்தொன்பது வயதில் நான் அப்படி ஓடியிருக்கிறேன் என்று சொன்னால் என் மகளே நம்ப மாட்டாள். குறுக்கு வழியில் பாதையைத் தொட்டதும் பார்த்தேன். அரிவாளால் வெட்டிய புல்லுக்கு அடிக்கட்டை பச்சையாக நிற்கும். இங்கே புல் முளைத்த இடத்திலேயே மஞ்சளாகக் கருகிச் சாய்ந்து கிடந்தது. பாதை முழுக்க, பாறை வரை, தண்ணீரின் விளிம்பு வரை அப்படித்தான் இருந்தது.

துறைப் பாறை மேல் ஏறிக் கையை விரித்துக்கொண்டு நின்றேன். தோளில் இரும்புச் சாவி, உடம்பெல்லாம் வியர்வை. எதிரே மஞ்சள் சேலைகளும் காவி வேட்டிகளுமாக ஊரே வருகிறது. முன்வரிசையில் இடுப்பில் குடத்தோடு என் மனைவி.

"யாரும் தண்ணியில எறங்காதீங்க! பானி மே மத் உதரோ!"

மேளம் நின்றது.

"ஏங்க, என்ன இது?" என்றாள் சரோஜா. "எல்லாரும் வெறும் வயித்தோட நிக்கிறாங்க. தள்ளுங்க."

பின்னாலிருந்து ஒருவர், வருடா வருடம் குளிக்கிற துறையில் குளிக்காதே என்று சொல்ல இவர் யார் என்று கத்தினார். இன்னொருவர் இந்தியில் அதையே இன்னும் காரமாகச் சொன்னார். நான் கூட்டத்தில் செல்வத்தைத் தேடினேன். முப்பது முப்பத்தைந்து வயது, சொந்தமாகப் பாக்குத் தோட்டம் வைத்திருக்கிறவன், நல்ல உழைப்பாளி. காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றான்.

"செல்வம், பாதைக்கு என்ன அடிச்ச?"

"புல்லு மருந்துண்ணே. தோட்டத்துக்கு அடிக்கிறதுதான். எங்க தோட்டத்துல அடிக்காத நாளா? ஒண்ணும் ஆகாது."

"எப்ப?"

"முந்தாநாள் அடிச்சேன். நேத்து சாயங்காலம் வந்து பாத்தேன், தொறை ஓரத்துல பச்சையா நின்னுச்சு. மிச்ச மருந்தையும் அடிச்சுட்டேன்."

"ஸ்ப்ரேயரை எங்க கழுவுன?"

அவன் நான் நின்றிருந்த பாறையைப் பார்த்தான்.

எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் காவடியை மெல்ல இறக்கி வைத்தான். "குரூப்ல மெசேஜ் போட்டப்ப எல்லாரும் கும்பிடு போட்டீங்க, வரேன் வரேன்னீங்க," என்றான். "வந்தது நான் ஒருத்தன். ஒத்தை ஆளு அரிவாளை வச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்? காலுல முள்ளு குத்தாம எல்லாரும் நடக்கணும்னுதான் அடிச்சேன்." பல பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவன் மேல் கோபமே வரவில்லை. பக்தியோடு செய்த காரியம். செய்தவனுக்கும் தெரியவில்லை, பாதை சுத்தமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டவர்களுக்கும் தெரியவில்லை.

சரோஜாதான் முதலில் திரும்பினாள். "வீட்டு டிரம்முல தண்ணி இருக்கு. போன தடவை தொறந்தப்ப புடிச்சது. வாங்க, அதுல குளிச்சுக்கலாம்." கோடையில் தீவில் வீட்டு டிரம்மைத் திறப்பது என்றால் என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முணுமுணுத்துக்கொண்டே கூட்டம் அவள் பின்னால் போனது.

குளிக்க இரண்டு மக்கு தண்ணீர் போதும். ஊருக்கே சமைக்க? தங்கவேல் என்னைக் கோயில் சமையல் கொட்டகையில் பிடித்துக்கொண்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவ்வளவு பெரிய மடுவில் ஒரு ஸ்ப்ரேயரைக் கழுவினால் டாங்க் முழுக்க விஷமாகிவிடுமா? அந்தத் தண்ணீரில் டீ குடித்த மருதமுத்து நின்றுகொண்டுதானே இருக்கிறார்? எதிரில் கத்துகிற ஆள் முட்டாள் என்று நினைத்துக்கொண்டால் நமக்கு வேலை சுலபமாகிவிடும். பெரும்பாலும் அவர் முட்டாளாக இருக்க மாட்டார்.

"சரி மச்சான். சோதிச்சுப் பாத்துருவோம்," என்றேன்.

துறைக்கு மேலே, மருந்து எட்டாத இடத்தில், நாலா இன்னொரு சின்ன மடுவாகத் தேங்கி நிற்கும். அங்கே பொட்டு மீன் இருக்கும் என்று எனக்குத் தெரியும். செல்வத்தைக் கூப்பிட்டு, போய்க் கொஞ்சம் பிடித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

அவன் அரண்டுவிட்டான். "விரதத்துல இருக்கேண்ணே. என்னைப் போயி மீனைப் பிடிக்கச் சொல்றீங்களா?"

"திங்கச் சொல்லலப்பா. பிடிச்சுட்டு வா."

காவித் துண்டை விரித்து அதிலேயே பிடித்துக்கொண்டு வந்தான். கூடவே மேல் மடுவின் தண்ணீரையும் நீல வாளியில் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். சிவப்பு வாளியில் பம்ப் மடுவின் தண்ணீர். டாங்கிலிருந்து எடுக்கவில்லை. டாங்கில் ப்ளீச்சிங் பவுடர் கலந்திருக்கும், அதில் மீன் செத்தால் எதுவும் தெளிவாகாது. மீன்களைப் பாதிப் பாதியாக இரண்டு வாளியிலும் விட்டுக் கொட்டகை நிழலில் வைத்தோம். ஊரே எட்டிப் பார்த்தது.

இரண்டு வாளியிலும் பொட்டுகள் மேலே வந்து அமைதியாக நின்றன. நேரம் போனது. ஒன்றும் ஆகவில்லை. ஒரு முசுறை எடுத்துச் சிவப்பு வாளியில் போட்டேன். 'டப்' என்று விழுங்கியது ஒரு மீன்.

கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். தங்கவேல் என் தோளிலிருந்த சாவி மேல் கை வைத்தார். அந்த நேரத்தில் நான் அவருக்கு மாப்ளயாக இல்லை.

"பாத்தாச்சா ஜே.இ. சார்? உங்க சாட்சியே சொல்லிருச்சு. சாவியைக் கொடுங்க."

உண்மையைச் சொல்கிறேன், கொடுத்துவிடத்தான் ஆசையாக இருந்தது. நான் வைத்த சோதனையே எனக்கு எதிராகப் போய்விட்டது. ஓய்வுக்கு ஒரு வருடம்கூட இல்லை. திருவிழா நாளில் ஊருக்குத் தண்ணீரை மறித்தவன் என்ற பெயரோடு வீட்டுக்குப் போக யாருக்கு ஆசை? சாவியைக் கொடுத்தால் அந்த நிமிடமே எனக்கு நிம்மதி. அந்த நிம்மதிதான் என்னை உறுத்தியது. எனக்கு எது வசதியோ அந்தப் பதில் அவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டால், நான் அதை இன்னொரு தரம் பார்ப்பேன். மடுவில் மீன்கள் காணாமல் போக ஒரு ராத்திரி ஆகியிருக்கிறது. வாளிக்கு நான் கொடுத்தது கொஞ்ச நேரம்.

"இன்னும் கொஞ்சம் பொறுங்க மச்சான்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியாது."

அவர் சாவியை இழுத்தார். நான் விடவில்லை. இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்தார்கள், யாரென்று இப்போதும் தெரியும், அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் வந்துவிட்டேன். அந்த இழுபறியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எல்லோரும் திரும்பினோம். பால்குடம் செலுத்திவிட்டு ஈரத் தலையோடு வந்த சரோஜா, வீட்டிலிருந்து கொண்டுவந்த குடத்தை அண்டாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் தங்கை. அவளுக்குப் பின்னால் ஒரு பெங்காலிப் பெண், "லே லோ தாதா", எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணா என்று தன் வாளியை நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் வரிசையே நின்றது. அவரவர் மூன்று நாளாகப் பூட்டிப் பூட்டி வைத்த தண்ணீர். அந்த வரிசையைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டையைப் பிடித்திருந்த கைகள் விலகின.

ரசமும் பாயசமும் இல்லை. சாம்பார் சாதம் மட்டும், அதுவும் பொழுது சாய ஆரம்பித்த பிறகு. பந்தி உட்கார்ந்தது. யாரும் என் பக்கம் பார்க்கவில்லை. நான் வாளிகளுக்குப் பக்கத்தில் ஒரு செங்கல்லில் உட்கார்ந்திருந்தேன். செல்வம் குவளையோடு பந்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு வந்தான். என்னைக் கடக்கும்போது வாளியைக் குனிந்து பார்த்தான். குவளையைத் தரையில் வைத்துவிட்டான்.

நீல வாளியில் எல்லாப் பொட்டுகளும் அப்படியே மேலே நின்றன. சிவப்பு வாளியில் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. வானத்தைப் பார்க்க வேண்டிய பொட்டு வாளியின் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. செல்வம் ஒரு முசுறைப் பிடித்துப் போட்டான். அது நீந்திக்கொண்டே இருந்தது.

"எல்லாருக்கும் முன்னாடி நான்தாண்ணே எறங்கியிருப்பேன்," என்றான். "மூணு வாய் குடிச்சிருப்பேன்." அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

பந்தியிலிருந்து பலர் எழுந்து வந்து பார்த்துவிட்டு இலைக்குத் திரும்பினார்கள். கடைசியாகத் தங்கவேல் வந்தார், கையில் சோற்றுப் பருக்கையோடு. சிவப்பு வாளியை வெகுநேரம் பார்த்தார். என்னிடம் மன்னிப்புக் கேட்பார் என்று நினைக்காதீர்கள், காண்ட்ராக்டர்கள் கேட்க மாட்டார்கள்.

"சாவி உங்கிட்டதான இருக்கு?"

"ஆமா மச்சான்."

"வச்சுக்க மாப்ள," என்றார்.

அவ்வளவுதான். டாங்கைக் காலி செய்து கழுவினோம். ஊருக்கு லாரியில் தண்ணீர் போனது. மேன்லேண்டு ஆய்வகத்துக்கு அனுப்பிய தண்ணீர் மாதிரியில் அந்த மருந்தைச் சோதிக்க வழியில்லை என்று பதில் வந்தது. அந்தத் தண்ணீர் மனிதனை என்ன செய்திருக்கும் என்று கடைசிவரை எனக்குத் தெரியாது. மருதமுத்துவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது பார்த்தாலும் "அந்த டீ சார்" என்று வயிற்றைத் தட்டிக் காட்டுவார். நீங்கள் தடுத்த ஆபத்து உண்மையிலேயே வந்திருக்குமா என்று உங்களுக்கும் யாரும் சொல்ல மாட்டார்கள். அதோடுதான் நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும்.

அன்று சாயங்காலம் நீல வாளி மீன்களைச் செல்வமும் நானும் மேல் மடுவில் திரும்ப விட்டோம். வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரின் பின்னால் இருந்து சரோஜா கேட்டாள். "மடுவுல மீனு இருந்திருந்தா தொறந்திருப்பீங்களா?"

"தொறந்திருப்பேன்."

"மீனுக்கு ஒண்ணும் செய்யாம மனுசனைக் கொல்லுற விஷமா இருந்திருந்தா?"

பொட்டு மீன் சாமி இல்லை. அது நின்றால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை, அது இல்லாவிட்டால் நின்று யோசி என்று மட்டும்தான் அர்த்தம்.

மழை வந்து நாலா மறுபடி ஒன்றாக ஓடிய பிறகும் பல நாள் கிளையை உலுக்கிப் பார்த்தேன். முசுறுகள் நீந்திக் கரையேறிப் போயின. ஒரு நாள் காலை, தாழை வேர்ப் பக்கம் ஒரே ஒரு பொட்டு நகர்ந்தது. 'டப்'. மருதமுத்து என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவரே போய் ஸ்விட்சைப் போட்டார்.

நாளைக்கு உங்களில் ஒருவர் அந்த பம்ப் ஹவுஸுக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யாரென்று தெரியாது, கையைத் தூக்க வேண்டாம். ஸ்விட்ச் இடது பக்கம் இருக்கிறது. முசுறுக் கூடு வலது பக்கம். முதலில் வலது பக்கம் போங்கள்.